ஒன்று, மூன்று, ஆறு, பத்து...

போன மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம், பரீட்சை நடந்துகொண்டிருந்த ஹாலில் என் மனைவி மங்கை மெயின் சுவிட்சை இழுத்து இறக்கிவிட்டாள்.

வெளியே பாதாம் மரத்தடியில் வண்டி மேல் உட்கார்ந்திருந்தேன். உள்ளேயிருந்து ‘டொக்’ என்று ஒரு சத்தம். ஃபேன்கள் மெதுவாக மூச்சை விட்டு நின்றன. ஒரு பெரிய அமைதி. அப்புறம்... “ஐயய்யோ!”

ஏன் இறக்கினாள்? சொல்கிறேன். அதற்கு முன்னால் கொஞ்சம் எண்களைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. பயப்படாதீர்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எனக்குப் புரிந்தது உங்களுக்குப் புரியாமல் போகாது.

நானும் மங்கையும் விருத்தாசலம் செராமிக் எஸ்டேட்டில் ஒரே கம்பெனியில் வேலை பார்க்கிறோம். ஃபியூஸ் மாட்டுகிற வெள்ளைப் பீங்கான் கட்டை, கொலு பொம்மை, அகல் விளக்கு – சீசனுக்குத் தகுந்த மாதிரி எது வேண்டுமானாலும் செய்வோம். எனக்கு ஈர வேலை. களிமண் கூழை அச்சில் ஊற்றுவேன். ஓரம் கெட்டிப்பட்டதும் மீதியைக் கவிழ்ப்பேன். அவளுக்கு உலர்ந்த வேலை. காய்ந்த சாமானின் ஓரத்தில் நிற்கும் பிசிறைக் கத்தியால் சுரண்டி, தேய்த்து, வழவழப்பாக்க வேண்டும். சுரண்டினால் தூசி பறக்கும். பவுடர் மாதிரி, மாவு மாதிரி, வெள்ளையாக... பார்க்க அழகாகக்கூட இருக்கும்.

முகத்தில் துணி கட்டிக்கொண்டுதான் உட்காருவாள். அப்படியும் இருமல் வந்துவிட்டது. வந்தது போகவில்லை.

டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “மருந்து தர்றேன். ஆனா மறுபடி அந்தத் தூசியில போய் உட்காந்தீங்கன்னா மருந்து வேஸ்ட்டு. எழுந்து வந்துடுங்கம்மா” என்றார்.

சரி, எழுந்து எங்கே போவது?

அந்தச் சமயம் பார்த்து, கம்பெனி ஆபீஸில் கம்ப்யூட்டரில் பில் போட்டுக்கொண்டிருந்த பெண்ணுக்கு சேத்தியாத்தோப்பில் மாப்பிள்ளை அமைந்தது. கல்யாணத்துக்கு அப்புறம் வேலைக்கு வரமாட்டாளாம். அது கண்ணாடிக் கதவு போட்ட அறை. உள்ளே தூசி நுழையாது. மங்கை நேராக முதலாளி எதிரில் போய் நின்றாள். கூட நானும் நின்றேன்.

“மொதலாளி, அந்தப் பொண்ணு சீட்டை எனக்குக் கொடுங்க.”

“உனக்குக் கம்ப்யூட்டர் தெரியுமாம்மா?”

“தெரியாது. கத்துக்கிறேன்.”

முதலாளி சிரிக்கவில்லை. நல்ல மனிதர். “கத்துக்கிட்டு, பாஸ் பண்ணிட்டேன்னு ஒரு சர்ட்டிபிகேட் கொண்டா. அந்தப் பொண்ணு கல்யாணம் வரைக்கும் சீட்டு உனக்குத்தான். அதுக்கு மேல நான் வேற ஆளப் பாக்கணும்... சரியா?”

நான் வாயே திறக்கவில்லை. எதிரில் ஆள் இருந்தால் எனக்கு வார்த்தை வராது. காகிதம் இருந்தால் வரும். அதனால்தானே வாரா வாரம் உங்களிடம் இப்படி அரட்டை அடித்துக்கொண்டிருக்கிறேன்?

மாதா கோயிலை ஒட்டிய ஒரு ஹாலில் பெண்களுக்கு மட்டும் இலவச கம்ப்யூட்டர் வகுப்பு நடக்கிறது. சனிக்கிழமை மத்தியானம். சொல்லிக் கொடுப்பவர் ஜெனிட்டா மிஸ். கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து பஸ்ஸில் வருகிற சின்ன வயசுப் பெண். மங்கை சேர்ந்துகொண்டாள். கம்மாபுரத்திலிருந்து ஸ்கூட்டியில் ராணி என்று ஒருத்தி வருவாள். ஹாலுக்குள் நுழைவதற்கு முன்பே அவள் குரல் நுழைந்துவிடும்.

முதலில் டைப் அடிக்கப் பழகினார்கள். அப்புறம் பில் மாதிரி கட்டம் போடக் கற்றார்கள். அதற்கப்புறம்தான் வந்தது, புரோகிராம்.

“பில்லு போடலாம்னு போனா இவங்க நம்பர் விளையாட்டு சொல்லித் தர்றாங்கங்க” என்று வீட்டுக்கு வந்து மங்கை புலம்பினாள். “ரெண்டு, நாலு, ஆறு, எட்டு... அடுத்தது இன்னான்னு கேக்குறாங்க. பத்துதானே? இதுக்கு எதுக்கு மெஷினு?”

“நீ கேக்கலியா?”

“ராணி கேட்டுட்டா. அதுக்கு மிஸ்ஸு சொல்றாங்க – பத்துன்னு உங்களுக்குத் தெரியுது, ஏன் பத்துன்னு மெஷினுக்குச் சொல்லத் தெரியணும், அது தெரிஞ்சா மெஷின் மேல இருக்குற பயம் போயிடும்னு.”

அப்புறம் மிஸ் சொன்னதை அப்படியே ஒப்பித்தாள். ஒரு வேலையை ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டு, ‘இதையே திரும்பத் திரும்பச் செய்’ என்று மெஷினிடம் சொல்வதற்குப் பெயர் லூப். எங்கே ஆரம்பிக்க வேண்டும், ஒவ்வொரு சுற்றுக்கும் எவ்வளவு கூட்ட வேண்டும், எங்கே நிற்க வேண்டும் – இந்த மூன்றையும் சொன்னால் போதும். மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும்.

அவளுக்குப் பாடமாகப் போனது எனக்குக் கிறுக்காக வந்துவிட்டது. உண்மையாகத்தான் சொல்கிறேன். அன்றிலிருந்து பார்க்கிறதெல்லாம் வரிசையாகத் தெரிந்தது.

எங்கள் ஊர்க் கோயிலில் எல்லாமே ஐந்து. கோபுரம் ஐந்து, கொடிமரம் ஐந்து, தேர் ஐந்து... சின்ன வயசிலிருந்து பார்க்கிறேன். அதுவும் ஒரு வரிசைதானே? ஐந்து, ஐந்து, ஐந்து – அடுத்ததும் ஐந்து. கூட்ட வேண்டியது பூஜ்யம். கட்டியவர் எந்த யோசனையில் கட்டினாரோ! ரயில்வே கேட்டில் நின்றால் கூட்ஸ் வண்டி போகிறது. பெட்டி, இடைவெளி, பெட்டி, இடைவெளி. முன்னெல்லாம் எப்போது முடியும் என்று எரிச்சலாக இருக்கும். இப்போது கடைசிப் பெட்டி வந்துவிடக் கூடாதே என்று இருந்தது. கேட்டைத் திறந்த பிறகும் நான் நகரவில்லை. பின்னால் ஒரே ஹார்ன் சத்தம்.

என் வேலையும் அப்படித்தானே? ஊற்று, பொறு, கவிழ். ஊற்று, பொறு, கவிழ். இத்தனை வருடமாக நான் ஒரு லூப்புக்குள் உட்கார்ந்திருக்கிறேன். அது கஷ்டமாகவே தெரியவில்லை. ஆற்று மணலில் படுத்து வானம் பார்க்கிற மாதிரி இருந்தது.

ஒருநாள் அச்சு நிறைந்து, கூழ் மேஜையில் வழிந்து, காலில் சொட்டியது.

“அண்ணே, கனவா?” என்றான் மேஸ்திரி.

“இல்லப்பா... பதினஞ்சுக்கு அப்புறம் இருபத்தொண்ணு.”

“இன்னாது?”

துணியை எடுத்துத் துடைத்தேன்.

பதினைந்துக்கு அப்புறம் இருபத்தொன்று என்று ஏன் சொன்னேன் தெரியுமா? அந்த வாரம் மிஸ் கொடுத்த வீட்டுப்பாடம் அது. ஒன்று, மூன்று, ஆறு, பத்து, பதினைந்து... இதை மெஷின் தானாக எழுத வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை, இட்லி வேகிற நேரத்தில் மங்கை போனை வைத்துக்கொண்டு புரோகிராம் எழுத உட்கார்ந்தாள்.

வரிசை எப்படி ஏறுகிறது என்று அவளே கண்டுபிடித்துவிட்டாள். ஒன்றோடு இரண்டைக் கூட்டினால் மூன்று. மூன்றோடு மூன்றைக் கூட்டினால் ஆறு. ஆறோடு நான்கு. எனக்கு அது எங்கள் ஷோரூம் அலமாரியில் அடுக்கிய அகல் விளக்கு மாதிரி தெரிந்தது. உச்சியில் ஒன்று, அதற்குக் கீழே இரண்டு, அதற்கும் கீழே மூன்று... ஒவ்வொரு அடுக்காக எண்ணிக்கொண்டே இறங்கினால் இந்த எண்கள்தான் வரும். கீழே போகப் போக மலை அகலமாகிக்கொண்டே இருக்கும். அடிவாரமே கிடையாது.

ஆனால் போனில் வந்தது வேறு. இரண்டு, ஐந்து, ஒன்பது, பதினான்கு.

“இன்னாங்க இது? ஒவ்வொண்ணுலயும் ஒண்ணு கொறையுது!”

“மெஷின் எடுத்து மடியில கட்டிக்குதோ என்னவோ.”

“சும்மா இருங்க. நானே கடுப்புல இருக்கேன்.”

மறுபடி அடித்தாள். மறுபடியும் இரண்டு, ஐந்து, ஒன்பது, பதினான்கு. இட்லிச் சட்டியிலிருந்து ஆவி வந்தது. இருமினாள். தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, மெஷின் என்ன செய்கிறதோ அதையே விரல்விட்டு வாயால் சொல்லிப் பார்க்கத் தொடங்கினாள்.

“லாபம், ரெண்டு, மூணு, நாலு...”

சட்டென்று நிறுத்தினாள். என்னைப் பார்த்தாள். சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு.

உங்களில் நெல் அளந்தவர்களுக்குத் தெரியும். முதல் மரக்காலை ‘ஒன்று’ என்று சொல்லமாட்டார்கள், ‘லாபம்’ என்பார்கள். எங்கள் கம்பெனியில் சாமானைப் பெட்டியில் அடுக்கும்போதும் அதே பழக்கம்தான். முதல் சாமான் லாபம். அப்புறம் ரெண்டு, மூணு. மங்கையின் வாயில் ‘ஒண்ணு’ வந்து எத்தனையோ வருடம் ஆகிறது. அதனால் மெஷினுக்குச் சொல்லும்போதும் ‘இரண்டிலிருந்து ஆரம்பி’ என்று எழுதிவிட்டாள். மெஷின் கூட்டி வைக்கிற பெட்டிக்குள் லாபம் தானாகவே இருக்கும் என்று நினைத்துவிட்டாள். மெஷினுக்கு எப்படித் தெரியும்? அது சேத்தியாத்தோப்புக் களத்தில் நெல் அளந்ததா?

“லாபத்தை நாமதான் மொதல்ல உள்ள வெக்கணும்” என்றாள். சுற்று தொடங்குவதற்கு முன்னாலேயே பெட்டியில் ஒன்றைப் போட்டு, அதை எழுதவும் சொன்னாள். அப்புறம் இரண்டிலிருந்து ஓடவிட்டாள்.

ஒன்று. மூன்று. ஆறு. பத்து. பதினைந்து.

இட்லி கொஞ்சம் அதிகமாகவே வெந்துவிட்டது. நாங்கள் இரண்டு பேரும் அதைக் கவனிக்கவில்லை.

பரீட்சை வந்தது. ஆபீஸில் பில் போடும் பெண்ணின் கல்யாணத்துக்கு முந்தின கடைசி சனிக்கிழமை அது. இதில் போனால் சீட்டும் போகும். வண்டியில் வரும்போது மங்கையின் கை என் தோளை இறுக்கிப் பிடித்திருந்தது.

கேள்வி இதுதான். ஒன்று, இரண்டு, நான்கு, ஏழு, பதினொன்று... இந்த வரிசையை மெஷின் எழுத வேண்டும். நூறைத் தாண்டாமல் நிற்க வேண்டும். முதலில் ஒன்றைக் கூட்ட வேண்டும், அப்புறம் இரண்டு, அப்புறம் மூன்று. மங்கைக்கு உடனே பிடிபட்டுவிட்டது. அந்த சந்தோஷம்தான் வினையாகிவிட்டது. ‘ஓடிக்கொண்டே இரு’ என்று எழுதினாள். ‘நூறு தாண்டினால் நில்’ என்ற வரியைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம், முதலில் ஓடுகிறதா பார்ப்போம் என்று பட்டனைத் தட்டிவிட்டாள்.

ஓடியது. எப்படி ஓடியது என்கிறீர்கள்! திரை முழுக்க எண்கள். கண்ணால் பிடிக்க முடியாத வேகம். நூறு, ஆயிரம், லட்சம்... நிற்கவே இல்லை.

எங்கள் எஸ்டேட்டில் வேலைக்குச் சேருகிற முதல் நாளே ஒன்று சொல்லித் தருவார்கள். மண் அரைக்கிற மெஷின் கைமீறிப் போனால் யோசிக்காதே, கூப்பிடாதே, மெயினை இறக்கு. அது புத்தியில் இருக்கிற பாடம் இல்லை, கையில் இருக்கிறது. மங்கை எழுந்தாள். நான்கே எட்டில் சுவருக்குப் போனாள்.

டொக்.

கரண்ட் போனாலும் கம்ப்யூட்டர் அணையாமல் இருக்க யூ.பி.எஸ். என்று ஒரு பெட்டி அங்கே இருக்கிறது. அதன் பாட்டரி செத்துப்போய் ரொம்ப நாள் ஆகிறதாம். எல்லோருடைய பரீட்சையும் போய்விட்டது.

“யக்கா! நீ கம்ப்யூட்டர் படிக்க வந்தியா, கரண்ட் ஆபீஸ் வேலைக்கு வந்தியா?” – ராணியின் குரல் பாதாம் மரம் வரைக்கும் கேட்டது.

மங்கை வெளியே வந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. செருப்பைத் தேடிப் போட்டாள்.

“வண்டிய எடுங்க. வூட்டுக்குப் போலாம்.”

“இன்னா ஆச்சு?”

சொன்னாள். சொல்லும்போதே இருமல் வந்தது. நின்றது. மறுபடி வந்தது. “எனக்கு ஒத்து வராதுங்க. எனக்கு அந்தக் கத்தியே போதும். நான் சுரண்டிக்கினே கெடக்குறேன்.”

நான் வண்டியை எடுக்கவில்லை. “நம்பருங்க சரியா ஓடுச்சா?” என்று கேட்டேன்.

“இன்னாத்துக்கு இப்ப அது?”

“சொல்லேன்.”

“சரியாத்தான் ஓடுச்சு. நிக்கத்தான் இல்ல.”

“அப்ப ஓட வெக்கத் தெரியுது. நிறுத்தறது ஒரே ஒரு வரிதானே? இரு.”

ஹாலை நோக்கி நடந்தேன். பெண்கள் மட்டும் இருக்கிற ஹால். வாசலில் போய் நின்றதும் அத்தனை முகமும் என் பக்கம் திரும்பியது. எனக்குக் காது சுட்டது. காகிதம் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

“மிஸ்...” குரல் வரவில்லை. இன்னொரு தடவை முயற்சி செய்தேன். “மிஸ்... அது வந்து... எங்க கம்பெனில மெஷின் கைமீறிப் போச்சுன்னா மெயினை இறக்கணும்னு பழக்கிடுவாங்க. அவங்க கை அதத்தான் செஞ்சிது. வேணும்னு பண்ணல. அவங்களுக்கு இன்னொரு வாட்டி...”

அவ்வளவுதான். அதற்கு மேல் வரவில்லை.

“ஐயோ, இவரு பேசுவாரா?” என்றாள் ராணி. “இத்தினி நாளும் நான் டிரைவர்னுல்ல நெனச்சிட்டு இருந்தேன்!”

ஹாலே சிரித்தது. மிஸ் மட்டும் சிரிக்காமல் கடிகாரத்தைப் பார்த்தார். அவர் ஊருக்குப் போகிற பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எனக்கும் தெரியும். அதை விட்டால் அடுத்த பஸ்ஸுக்கு ரொம்ப நேரம் காத்துக்கிடக்க வேண்டும்.

“அவங்களுக்கு மட்டும் எப்படிங்க தர்றது? எல்லாருடையதும்தான் போச்சு...” என்று மிஸ் இழுத்தார்.

“அப்ப எல்லாருக்கும் மொதல்லேர்ந்து வையுங்க மிஸ்ஸு” என்றாள் ராணி. “உண்மையச் சொல்லிடுறேன். என்னுது ஒண்ணுமே ஓடல. செவப்புச் செவப்பா எழுத்து வந்து திட்டிக்கினே இருந்துது. அக்கா அணைச்சாங்களே, அப்பதான் எனக்கு மூச்சே வந்துது. நல்லா இருப்பாங்க!”

“எனக்குந்தான் மிஸ்” என்று மூலையிலிருந்து இன்னொரு குரல். அப்புறம் இன்னொன்று.

மிஸ் கைப்பையைத் திரும்ப மேஜை மேல் வைத்தார். “சரி. அந்தக்காவைக் கூப்பிடுங்க. மெயினை ஏத்தச் சொல்லுங்க... அவங்களே ஏத்தட்டும்.”

ஃபேன்கள் மறுபடி சுற்ற ஆரம்பித்தன. நான் பாதாம் மரத்தடிக்கு வந்து உட்கார்ந்தேன்.

வெயில் மெதுவாகச் சாய்ந்தது. எங்கோ ஜங்ஷன் பக்கம் ஒரு ரயில் கூவியது. எனக்கு ஒரே யோசனை. அவள் மெயினை இறக்கிய அந்த நொடியில் அந்த வரிசை எந்த எண்ணில் நின்றிருக்கும்? பெரிய எண்ணாகத்தான் இருக்கும். யாரும் எண்ணிப் பார்த்திராத, யாரும் வாயால் சொல்லியிராத எண்ணாக இருக்கும். ஒரு மனுஷர்கூட அதைப் பார்க்கவில்லை. பார்ப்பதற்குள் திரை இருட்டிவிட்டது. அது எங்கே போயிருக்கும்? ஓட்டுக் கூரைகளுக்கு மேலே, சூளைப் புகைக்கு மேலே, தண்டவாளத்தோடு கூடவே... கூட்டிக்கொண்டே, கூட்டிக்கொண்டே போய்க்கொண்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைக்க நன்றாக இருந்தது.

மங்கை வந்தாள். இந்தத் தடவை செருப்பை நிதானமாகப் போட்டாள்.

“இன்னா?”

“நிறுத்துற வரிய மொதல்ல எழுதிட்டேன்.”

“அப்புறம்?”

“ஓடுச்சு. தொண்ணூத்திரெண்டுல நின்னுச்சு.”

அடுத்தது நூற்றாறு, அதனால்தான் நின்றது என்று வண்டியில் எனக்கு விளக்கிக்கொண்டே வந்தாள். எனக்குத் தெரியும். ஆனாலும் தெரியாதவன் மாதிரி கேட்டுக்கொண்டேன். கை இந்தத் தடவை தோளில் லேசாக இருந்தது.

இப்போது மங்கை கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் உட்கார்கிறாள். பில் போடுகிறாள். எங்கள் செக்‌ஷன் பெண்கள் “மேடம், டீ சாப்பிட்டீங்களா?” என்று கதவைத் தட்டிக் கிண்டல் பண்ணுகிறார்கள். பிசிறு சுரண்டுகிற மேஜையில் அவள் இடத்துக்கு இன்னும் யாரும் வரவில்லை. வருகிறவருக்கும் இருப்பது அதே நுரையீரல்தானே... தூசியை இழுக்கிற ஃபேன் வைக்க வேண்டும் என்று மங்கை முதலாளியிடம் கேட்டிருக்கிறாள். பார்க்கலாம் என்றிருக்கிறார். அவள் விடமாட்டாள்.

இருமல் ஒரே நாளில் போய்விடவில்லை. காலையில் அவள் டீ போடும்போது நான் பாயில் கண்ணை மூடிக்கொண்டு கேட்டபடி படுத்திருப்பேன். ஒரு இருமல். அப்புறம் டம்ளர் சத்தம். தெருவில் பால்காரர் மணி. அணில். நீண்ட நேரம் ஒன்றுமே இல்லை. அப்புறம்தான் அடுத்த இருமல். நேற்றைவிட இன்றைக்கு இடைவெளி கொஞ்சம் பெரியது. நாளைக்கு இன்னும் கொஞ்சம் பெரியதாக இருக்கும் போலிருக்கிறது.

இடைவெளி வளர்கிற இந்த வரிசைக்கு மட்டும் யாரும் நிறுத்துகிற வரி எழுதிவிடாதீர்கள்.